பெயர் அறிந்தால் மரம் பிழைக்கும்

சிலாபத்திலிருந்து முந்தல், பாலாவி வழியாக வடக்கு நோக்கிப் புத்தளம் செல்வோர்க்கு வழித்துணையாக நிற்பவை தென்னைகளே. புத்தளத்தைக் கடந்து வண்ணாத்திவில்லுப் பக்கம் சென்றால், கிளைகளைத் தாழ்த்திப் பரப்பி நிற்கும் மரமுந்திரிகைத் தோப்புக்களைக் காணலாம். கடைத்தெருவிலே கஜு என்று கேட்டு நாம் வாங்கும் பருப்பைத் தருவது இம்மரந்தான். பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் பிரேசில் நாட்டிலிருந்து கீழைத்தேசங்களுக்குக் கொண்டுவந்த இம்மரம், மழை குறைந்த மணற்பாங்கான நிலத்திலும் மனந்தளராது காய்ப்பது. அதனாலேயே இக்கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போடுகின்றது.

அத்தகைய மரம் ஒன்று, நன்றாகக் காய்த்துவரும் பருவத்தில், காரணம் தெரியாமல் இலை மஞ்சளிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கொப்புகள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன. அடிமரத்திலே பிசின் வடிகின்றது. அருகே மண்ணில் மரத்தூள் குவிந்து கிடக்கின்றது. பட்டையைத் தட்டிப் பார்க்கும்போது துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் ஒரு வண்டு அகப்படுகின்றது. "இது செவ்வண்டு" என்கிறார் தோட்டக்காரர். தென்னைக்குப் பகையான செவ்வண்டை அறியாதவர் இப்பகுதியில் இலர். ஆகவே தென்னந்தோப்பிலே தொங்கவிடும் செவ்வண்டுப் பொறியை வாங்கி வந்து மரமுந்திரிகையின் கீழ்த் தொங்கவிடுகிறார். பொறியில் ஒன்றும் விழவில்லை, மரமோ பட்டுப்போகின்றது.

பிழை எங்கே நேர்ந்தது? அவர் சோம்பியிருக்கவில்லை, செலவுக்கும் அஞ்சவில்லை. பெயரிலேதான் பிழை நேர்ந்தது. அவர் பிடித்தது செவ்வண்டு அன்று, நெடுங்கொம்பு வண்டு.

இக்கரையோரத்தில் மரங்களைத் தாக்கும் பெரிய வண்டுகள் மூன்றை நாம் வேறுபிரித்தறிதல் வேண்டும். முதலாவது, கருவண்டு எனப்படும் காண்டாமிருக வண்டு. கரிய உடலும், தலையில் காண்டாமிருகத்துக்குப் போன்ற ஒற்றைக் கொம்பும் உடையது. இது தென்னையின் குருத்தைத் துளைக்கும். குருத்து விரியும்போது ஓலைகள் கத்தரித்தாற்போல் தோன்றும். இதன் புழு உயிர்மரத்தைத் தீண்டாது. எருக்குழியிலும் உக்கிய மரத்திலும் வளரும். ஆகவே எருக்குழியைத் துப்புரவாக வைத்தலே இதற்குச் சிறந்த காப்பு.

இரண்டாவது, செவ்வண்டு. இதன் முகம் நீண்டு ஒரு மூக்குப்போல் வளைந்திருக்கும். ஆதலால் இதனைக் கூன்வண்டு என்பதும் உண்டு. இது தென்னையின் காயங்களில் முட்டையிடும். கருவண்டு துளைத்த துளையும் இதற்கு வாயிலாகும். இதன் புழு மரத்தின் உள்ளே இருந்து மெல்லிய பாகத்தைத் தின்று மரத்தையே சாய்த்துவிடும். ஆண் செவ்வண்டு வெளிவிடும் ஒருவகை மணத்தைச் செயற்கையாகத் தயாரித்துப் பொறியில் வைப்பார்கள். அம்மணம் செவ்வண்டுக்கே உரிய அழைப்பு. வேறு குடும்பத்து வண்டு அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

மூன்றாவது, நாம் மேலே கண்ட நெடுங்கொம்பு வண்டு. மரமுந்திரிகையின் தண்டையும் வேரையும் துளைப்பது இதுவே. இந்நாட்டிலும் இந்தியாவிலும் மரமுந்திரிகையின் பெரும் பகைகளுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 25 முதல் 40 மில்லிமீற்றர் வரை நீளமுள்ளது. உடல் துருநிறம், தலையும் கழுத்துப் பகுதியும் கருமை தோய்ந்தவை.

இனி, இவற்றை அடையாளங் காணும் முறையைப் பார்ப்போம். அறிஞர்கள் முதலில் நிறத்தை நோக்குவதில்லை. உறுப்பின் அமைப்பையே நோக்குவார்கள். நிறம் ஏமாற்றும், அமைப்பு எளிதில் ஏமாற்றாது.

முதற் கேள்வி: இது வண்டுதானா? முன்சிறகுகள் இரண்டும் கடினமான உறைகளாகி, முதுகின் நடுவே நேர்கோட்டிற் பொருந்தினால் அது வண்டு வருணத்தைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம். இரண்டாவது கேள்வி: எந்தக் குடும்பம்? இங்கே உணர்கொம்புகளே வழிகாட்டும். கருவண்டின் உணர்கொம்பு குட்டையானது; நுனியில் விசிறிமடிப்புப் போன்ற தகடுகள் உண்டு. செவ்வண்டின் உணர்கொம்பு மூக்கிலிருந்து புறப்பட்டு முழங்கை போல் மடங்கியிருக்கும். நெடுங்கொம்பு வண்டின் உணர்கொம்போ உடலளவு நீளும். ஆணிலே உடலையும் கடந்து நீளும். கண்ணோ அவரை விதை போல் வளைந்து அவ்வுணர்கொம்பின் அடியைத் தழுவி நிற்கும். கையிற் பிடித்தால் இக்குடும்பத்து வண்டுகள் பல, கழுத்துப் பகுதியை உராய்ந்து கிரீச்சென ஒலி எழுப்பும்.

ஒரே அடையாளத்தை நம்புதல் தகாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நெடுங்கொம்பு வண்டின் பாதத்திலே ஐந்து கணுக்கள் இருந்தும், நான்காவது மிகச் சிறிதாகி மூன்றாவதன் பிளவுக்குள் மறைந்துகிடப்பதால் நான்கே கண்ணுக்குத் தெரியும். இது நல்ல அடையாளமே. ஆயினும் செவ்வண்டின் குடும்பத்துக்கும் இதே இயல்பு உண்டு. பல அடையாளங்கள் ஒருங்கே பொருந்தும்போதுதான் முடிவு உறுதிப்படும்.

உலகில் 35,000க்கு மேற்பட்ட நெடுங்கொம்பு வண்டினங்கள் அறியப்பட்டுள்ளன. எனவே குடும்பத்தை அறிந்ததோடு வேலை முடிந்துவிடாது. அடுத்தபடி, முகத்தைப் பக்கவாட்டில் நோக்குதல் வேண்டும். மாமரத்தைத் துளைக்கும் நெடுங்கொம்பு வண்டின் முகம் சுவர்போற் செங்குத்தாக இறங்கும். அதன் சாம்பல்நிறச் சிறகுகளில் மஞ்சளும் செம்மஞ்சளுமான புள்ளிகள் உண்டு. மரமுந்திரிகை வண்டின் முகமோ முன்னோக்கிச் சரிந்திருக்கும். ஆகவே இவ்விரண்டும் ஒரே குடும்பத்தினவேனும் வெவ்வேறு துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை.

பெயர் வரலாறும் சுவையானது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இவ்வண்டுக்கு 'செராம்பிக்ஸ் பெருஜினியஸ்' என்று பெயரிட்டார். பெருஜினியஸ் என்பதற்கு இரும்புத் துருவின் நிறமுடையது என்பது பொருள். பின்னர் இது 'பிளொசெடெரஸ்' என்னும் சாதிக்கு மாற்றப்பட்டது. 1906ஆம் ஆண்டில் இலங்கையையும் பர்மாவையும் உள்ளடக்கிய இந்திய விலங்குநூல் வரிசையிலே சார்ல்ஸ் கஹான் என்பவர் நெடுங்கொம்பு வண்டுகளுக்கென ஒரு தனித் தொகுதி எழுதினார். பிற்காலத்து ஆய்வாளருக்கு அது நெடுங்காலம் கைவிளக்காயிருந்தது. 1991ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ஜியான்பிராங்கோ சாமா, பழைய சாதிப்பெயர் அமெரிக்க வண்டுகளுக்கே உரியது எனக் கொண்டு, கீழைத்தேச வண்டுகளுக்கு 'நியோபிளொசெடெரஸ்' என்னும் புதுப்பெயர் இட்டார். சாதி மாறினும் 'பெருஜினியஸ்' என்னும் இனப்பெயர் மாறவில்லை.

இங்கேதான் ஒரு வியப்பு. 1790ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே தென்னைச் செவ்வண்டுக்கு இட்ட இனப்பெயரும் பெருஜினியஸ் என்பதே! அவரும் அதே துருநிறத்தையே கண்டார். ஆனால் அவர் அதனைக் கூன்வண்டுகளோடு சேர்த்தார். ஆகவே இன்று ஒன்று 'ரிங்கோபோரஸ் பெருஜினியஸ்'; மற்றது 'நியோபிளொசெடெரஸ் பெருஜினியஸ்'. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவர் இருப்பின் தகப்பன் பெயரையும் சேர்த்து வழங்குகிறோம் அல்லவா? சாதிப்பெயர் செய்யும் வேலையும் அதுவே. நம் தோட்டக்காரர் நிறத்தை மட்டும் பார்த்தார். தகப்பன் பெயரைக் கேட்கவில்லை.

இத்தகைய பிழை நமக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். 1770ஆம் ஆண்டில் கப்டன் குக்குடன் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அடைந்த யோசேப்பு பாங்க்ஸ் திரட்டிய பூச்சிகளுள் ஒரு நெடுங்கொம்பு வண்டும் இருந்தது. 1775ஆம் ஆண்டில் பப்ரீசியஸ் அதனை விவரித்துப் பெயரிட்டார். இன்று அதன் பெயர் 'போரகாந்தா செமிபங்டேட்டா'. யூக்கலிப்டஸ் மரத்தைத் துளைப்பது இது. அம்மரம் பிற நாடுகளுக்குச் செல்ல, வண்டும் பின்சென்றது. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் அது காணப்பட்டது. அங்குள்ள அறிஞர்கள் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு குளவியைத் தருவித்தனர். அது வண்டின் முட்டைக்குள்ளே தன் முட்டையை இட்டு அதனை அழித்தது. வண்டின் தொகை குறைந்தது. ஆயினும் 1995ஆம் ஆண்டில் அதே சாதியைச் சேர்ந்த வேறோர் இனம், 'ரெகர்வா' என்பது, அங்கே தோன்றியது. முன்னதன் சிறகில் கபிலநிறம் மிகுதி. பின்னதன் சிறகில் மஞ்சள் மிகுதி. விரைந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. குளவிக்கோ அவை ஒன்றல்ல! இரண்டாவது இனத்தின் முட்டை, உட்புகுந்த குளவியின் முட்டையைச் சூழ்ந்து அடக்கிவிடும் ஆற்றல் பெற்றிருந்தது. அதனால் முதலாவது இனம் குறைய, இரண்டாவது பெருகியது. சிறகின் நிறவேறுபாட்டைக் கவனித்து இனத்தைப் பிரித்தறியாதிருந்தால், குளவி தோற்றது ஏன் என்பது எவருக்கும் விளங்கியிராது.

மீண்டும் நம் தோப்புக்கு வருவோம். பெயர் சரியாக அறியப்பட்டால் செய்யவேண்டியதும் தெளிவாகும். மரமுந்திரிகை வண்டு அடிமரத்தில் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்துக்குள், பட்டை வெடிப்பிலும் வெளித்தெரியும் வேரிலும் முட்டையிடும். புழு பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து சுரங்கம் அமைத்துச் சாறு ஓடும் பாதையை அறுத்துவிடும். முதிர்ந்தபின் மரத்தினுள்ளே முட்டையோடு போன்ற வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடு கட்டி அதனுள் உறங்கும். எனவே மேலே கொப்பைப் பார்ப்பதினும் கீழே அடிமரத்தைப் பார்ப்பதே அறிவுடைமை. சிறு துளையும் பிசினும் மரத்தூளும் கண்டவுடன், பட்டையை உளியால் மெல்லச் செதுக்கிப் புழுவை எடுத்து அழித்தல் வேண்டும். பின்னர் அவ்விடத்தில் வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூசுதல் நன்று. அளவையும் பிற மருந்துகளையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. அடிமரத்தின் சுற்றளவிற் பாதிக்குமேல் பட்டை அழிந்து, இலையும் மஞ்சளித்துவிட்டால் மரம் தேறுதல் அரிது. பட்ட மரத்தைத் தோப்பில் விட்டுவைத்தலோ, அடுத்த தலைமுறை வண்டுக்குத் தொட்டில் கட்டுவதாகும். அதனை வேரோடு அகற்றி எரித்துவிடல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் வண்டொன்று அகப்பட்டால் மேற்புறம், பக்கம், முகம், அடிப்புறம் ஆகிய நான்கையும் படம் எடுங்கள். நாள், ஊர், எந்த மரம், மரத்தின் எப்பாகம் என்பவற்றைச் சீட்டில் எழுதி வையுங்கள். சீட்டில்லாத வண்டு, முகவரி இல்லாத கடிதம் போன்றது. வில்பத்துத் தேசிய வனம் போன்ற காப்பிடங்களில் எதனையும் பிடித்தலாகாது; அங்கே கண்ணும் படமும் போதும். தென்னையைப் பற்றிய ஐயங்களுக்கு, 1929ஆம் ஆண்டில் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் மாவட்டத்திலேயே, லுணுவிலவிலே உள்ளது.

கடைசியாக ஒன்று. நெடுங்கொம்பு வண்டுகள் அனைத்தும் பகையல்ல. காட்டிலே பட்ட மரத்தைத் தூளாக்கி மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் நற்பணியைச் செய்வன அவற்றுட் பல. பெயர் அறியாதவன் கண்ட வண்டையெல்லாம் நசுக்குவான்; பெயர் அறிந்தவனோ எதனைக் கொல்வது, எதனை விடுவது என்று அறிவான். ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பான மரத்தைக் காப்பதற்கு அவ்வறிவே முதற்படியாகும்.