தவளைக் கண் கார்
மண்ணெண்ணெயில் ஓடிய ஓர் ஆங்கிலப் பந்தயக் காரின் கதை

தஞ்சம் கோரி வந்த நாட்டில் என்னை விசாரணை செய்த அதிகாரி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கடந்த பின்னர், களைத்துப்போன குரலில் கேட்ட கேள்வி இது: "உங்களுக்கு அங்கே என்ன சொத்து இருந்தது?"

வீடு, வளவு, புத்தகங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த நான், இறுதியில் "ஒரு கார்" என்றேன். என்ன கார் என்று கேட்டார். ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், 1959 என்றேன். மொழிபெயர்ப்பாளர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். மின்சாரமும் பெற்றோலும் இல்லாத ஒரு குடாநாட்டிலே பிரித்தானியப் பந்தயக் கார் வைத்திருந்ததாகச் சொல்லும் ஒருவனை அவர் எவ்விதம் நோக்கினார் என்பதைச் சில மாதங்களின் பின் வந்த மறுப்புக் கடிதம் எனக்கு உணர்த்தியது. நம்பகத்தன்மை அற்ற கூற்றுக்களுள் ஒன்றாக அந்தக் காரும் அங்கே இடம்பெற்றிருந்தது.

ஆகவே அந்தக் காரைப் பற்றி எழுதவேண்டிய கடமை எனக்கு உண்டு.

ஒரே வாரத்தில் நிகழ்ந்த இரண்டு

1958ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி மொன்ரி கார்லோவில் ஸ்பிறைற் கார் பத்திரிகையாளருக்கு அறிமுகம் செய்யப்பட்டது. அதனை உருவாக்கியவர் டொனால்ட் ஹீலி. 1931இல் மொன்ரி கார்லோ நெடுந்தூரப் போட்டியில் வெற்றியீட்டிய ஓட்டுநர். பின்னாளில் வாரிக் நகரில் சொந்தமாகக் கார் நிறுவனம் நடத்தியவர். செல்வந்தர் அல்லாத இளைஞனும் வாங்கக்கூடிய ஒரு திறந்த கார் என்பதே அவரது எண்ணம். விலை 700 பவுணுக்கும் குறைவு. விலையைக் குறைப்பதற்காகப் புதிய பாகங்களைச் செய்யாது, ஏற்கெனவே வீதியில் ஓடிய சாதாரணக் கார்களின் பாகங்களையே அவர் எடுத்துக் கோத்தார். 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் முன்பக்கத் தொங்கலமைப்பும் ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தன. ஸ்ரியரிங் அமைப்பு மொறிஸ் மைனரிலிருந்து வந்தது. அதே குடும்பத்து எஞ்சினே மொறிஸ் மைனர் 1000இலும் இருந்தது. மொறிஸில் 37 குதிரை வலுவைத் தந்த அந்த எஞ்சின், இரண்டு காபரேற்றர்கள் பூட்டப்பட்டதும் ஸ்பிறைற்றில் 43 குதிரை வலுவைத் தந்தது. வித்தியாசம் அவ்வளவே.

கதவுக்கு வெளிப்புறக் கைபிடி கிடையாது. கையை உள்ளே விட்டுத்தான் திறக்கவேண்டும். பின்புறத்தில் மூடி கிடையாது. சாமான்களை ஆசனங்களுக்குப் பின்னால் திணிக்கவேண்டும். முன்விளக்குகள் பாவிக்காத வேளையில் மடிந்து படுப்பதாக முதலில் திட்டமிடப்பட்டதாம். செலவு கருதி அது கைவிடப்பட, விளக்குகள் பொனற்றின் மேலே இரண்டு கண்களாகத் துருத்தி நின்றுவிட்டன. ஆங்கிலேயர் அதனைத் 'தவளைக் கண்' என்றனர். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள், ஆங்கிலேயரைக் கேளாமலேயே, 'தவளைக் கார்' என்று பெயர் வைத்தனர்.

கார் அறிமுகமாகி இரண்டு நாட்களின் பின், மே 22ஆம் திகதி, பொலனறுவையில் தமிழ்ப் பயணிகளைத் தேடிப் புகையிரதம் தாக்கப்பட்டது. 1958 இனக்கலவரம் தொடங்கிற்று. அதற்கு முந்திய மாதங்களில் எங்கள் மக்கள் போராடியது எதற்காக? மோட்டார் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாக்கப்பட்டமைக்கு எதிராக. வடக்கில் அந்த எழுத்தின் மீது தார் பூசினர். தமிழ் எழுத்தை வரைந்தனர்.

எங்கள் கார் 1959இல் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அதே சிங்கள ஸ்ரீயுடன் பதிவு செய்யப்பட்டது. ஓர் ஊர்தியின் நெற்றியிலே ஒரு நாட்டின் அரசியல் முழுவதும் எழுதப்பட்டிருக்கலாம் என்பதை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கவில்லை. எங்கள் வீட்டுக் கொட்டிலிலே கற்றேன்.

மலையிலிருந்து குடாநாட்டுக்கு

எனது தந்தையார் நில அளவையாளர். நுவரெலியாவில் பணிபுரிந்த காலத்தில், 1971இல், நாட்டை விட்டுப் புறப்பட்ட ஒரு தோட்டத்துரையிடமிருந்து காரை வாங்கினார். நிலம் அளக்கும் சங்கிலியையும் முக்காலியையும் ஏற்ற முடியாத காரை வாங்கிய மனிதர் என்று உறவினர் நகைத்தனர். தந்தையார் வாழ்நாளில் செய்த ஒரேயொரு ஊதாரித்தனம் அதுதான் என்று அம்மா சொல்வதுண்டு.

1978இல் பிறந்த எனக்கு அக்கார் நினைவு தெரிந்த நாள் முதல் வீட்டில் ஒருவர் போன்றது. நல்லூர்த் திருவிழாவுக்கு நாங்கள் அதிலே போனதில்லை, நால்வர் ஏறமுடியாது. தந்தையார் ஞாயிறு மாலைகளில் தனியே கீரிமலை வரை ஓடிவிட்டு வருவார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் எவருக்கும் தந்தையாகவோ கணவராகவோ உத்தியோகத்தராகவோ இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகின்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. கார் நான்கு கற்களின் மேல் ஏற்றப்பட்டு, கிடுகினால் மூடப்பட்டது.

ஊசியால் ஊட்டிய பெற்றோல்

மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய அனுபவத்தை அக்காலத்தில் அங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே பற்றாது. முதலில் சில துளி பெற்றோலை ஊசியால் காபரேற்றருக்குள் செலுத்தி எஞ்சினை இயக்கவேண்டும். எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். அமுக்கம் கூடிய எஞ்சின் மண்ணெண்ணெயில் இடிக்கும். அதற்காகத் தலைக்கும் பிளொக்குக்கும் இடையே இரட்டைக் கஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். இவற்றையெல்லாம் எங்கள் சந்தியில் கராச் வைத்திருந்த அண்ணை, எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் கண்டறிந்திருந்தார்.

"ஐயா, இதுவும் மொறிஸ் எஞ்சின்தானே. மண்ணெண்ணெய் குடிக்கும்" என்றார் அவர். தந்தையார் இரண்டு ஆண்டுகள் மறுத்தார். 1992இல், ஒரு நள்ளிரவில், என் தங்கைக்கு முட்டு இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. வாகனம் எதுவும் இல்லை. கராச் அண்ணை ஓடிவந்து கற்களைத் தட்டிச் சில்லுகளை இறக்கினார். மருந்துப் போத்தலொன்றில் அம்மா ஒளித்து வைத்திருந்த பெற்றோல் ஊசியில் ஏறியது. அம்மா தங்கையை மடியில் ஏந்தி அமர, விளக்கைப் போடாமலே தந்தையார் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். விமானத்துக்கு அஞ்சி அன்றிரவு எந்த ஊர்தியும் விளக்கேற்றவில்லை. நான் படலையிலே நின்று, அந்த எஞ்சினின் ஓசை தேய்ந்து மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புகை நாற்றம் இன்றும் என் நாசியில் உண்டு. தங்கை இப்போது ரொறன்ரோவில் இரண்டு பிள்ளைகளின் தாய்.

இங்கே இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஓர் ஆணியேனும் எங்களை வந்தடையாத அதே தொண்ணூறுகளில், தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் காருக்கான உடற்பாகத் தகடுகள் கையால் அடித்துச் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. ஒரு சிறு தீவுக்குள் தூரம் எவ்வளவு நீளமானது!

எஞ்சினைக் கொடுத்த மனிதர்

1995 ஒக்ரோபரில் இராணுவம் வலிகாமத்தை நோக்கி நகரத் தொடங்கியபோது, கராச் அண்ணையின் மொறிஸ் மைனரின் எஞ்சின் உடைந்து கிடந்தது. ஒழுங்கையில் நடக்க முடியாத முதியவர்கள் ஐவர். அவர்களுள் என் பாட்டியும் ஒருவர். இரு ஆசனங்கள் மட்டுமே கொண்ட எங்கள் காரால் பயனில்லை. தந்தையார் அதிகம் பேசவில்லை. "எஞ்சினைக் கழற்றும்" என்றார்.

ஒரு பகலும் ஓர் இரவும் வேலை நடந்தது. பொனற் முழுவதும் முன்சில்லு மூடிகளுடன் சேர்ந்து ஒரே துண்டாக மேலெழும் கார் அது. அது திறந்தபடி, வயிறு வெறுமையாகி நின்ற காட்சியைக் கண்டு பதினேழு வயதான நான் அழுதேன், தந்தையார் அழவில்லை. ஒக்ரோபர் 30ஆம் திகதி, கொட்டும் மழையில், இலட்சக்கணக்கான மக்களோடு நாங்களும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். அந்த மொறிஸ் மைனர், மனித வெள்ளத்தின் நடுவே அங்குலம் அங்குலமாக, ஐந்து முதியவர்களைச் சாவகச்சேரிக்குக் கொண்டு சேர்த்தது. ஓட்டத்துக்கெனச் செய்யப்பட்ட எஞ்சின் அதன் வாழ்விலேயே மிக மெதுவாக ஓடிய பயணம் அது. மிகச் சிறந்த பயணமும் அதுவே.

1996இல் திரும்பியபோது கொட்டில் சரிந்திருந்தது. சில்லுகளும் ஆசனங்களும் இல்லை. தகரக்கூடு மாத்திரம் தவளைக் கண்களோடு எங்களைப் பார்த்தது. தந்தையார் 1999இல் காலமானார். பதிவுப் புத்தகம் 2001இல் என் பெயருக்கு மாறியது. எஞ்சினும் சில்லும் இல்லாத காருக்கு நான் உரிமையாளன் ஆனேன்.

2002இல் ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து சில்லுகள் வந்தன. ஒருநாள் கராச் அண்ணை கைவண்டியிலே எதனையோ சாக்கினால் மூடித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது உங்கட அப்பான்ர சாமான். திருப்பித் தரவேணும் எண்டுதான் வைச்சிருந்தனான்."

ஏழு ஆண்டுகள், இடப்பெயர்வுகள், பசி. பழைய இரும்புக்கு விற்றிருந்தாலும் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அறம் என்பது பற்றி வகுப்பறையில் நான் நிகழ்த்திய விரிவுரைகள் யாவும் அந்தக் கைவண்டிக்கு ஈடாகா.

அதன் பின் மூன்றரை ஆண்டுகள் அந்தக் காரிலே பல்கலைக்கழகத்துக்குச் சென்று வந்தேன். 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. பத்திரிகையில் எழுதியமைக்காக மிரட்டல்கள் வந்தன. 2007இல் புறப்பட்டேன். சாவியைக் கராச் அண்ணையின் கையில் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

ஓர் அகதியின் ஸ்ரியரிங்

மேன்முறையீட்டின் போது என் வழக்கறிஞர், அந்தக் காரைப் பற்றி நினைவிலுள்ள அனைத்தையும் எழுதித் தருமாறு கேட்டார். கைபிடியற்ற கதவையும், மூடியற்ற பின்புறத்தையும், இரட்டைக் கஸ்கற்றையும், ஊசியையும் எழுதினேன். தங்கை அனுப்பிய பதிவுப் புத்தகப் பிரதியும் சேர்க்கப்பட்டது. இம்முறை கோரிக்கை ஏற்கப்பட்டது. இன்று விசாரணைக்குக் காத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: பெரிய துயரங்களை எல்லோரும் ஒரே சொற்களாலேயே சொல்கின்றோம். உங்கள் வாழ்வுக்கு மட்டும் உரிய சின்னஞ்சிறு விபரங்களே உங்களுக்காகச் சாட்சி சொல்லும். அவற்றை வெட்கமின்றிச் சொல்லுங்கள். எந்தப் பழைய கடதாசியையும் எறிந்துவிடாதீர்கள்.

சில ஆண்டுகளின் பின் இங்கிலாந்துக்குச் சென்றபோது அபிங்டன் நகருக்குப் போனேன். 1958 முதல் 1961 வரை 48,987 தவளைக் கண் கார்கள் அங்கிருந்தே உலகுக்குப் போயின. தொழிற்சாலை 1980 ஒக்ரோபரில் மூடப்பட்டுவிட்டது. வீதியோரம் நின்று, பிறந்த ஊர் இல்லாமற்போன காரும் என்னைப் போன்றதே என நினைத்துக்கொண்டேன்.

எங்கள் காரின் ஸ்ரியரிங் மொறிஸ் மைனரிலிருந்து வந்தது என்றேன் அல்லவா? மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மேர்ணா நகரில் பிறந்தவர். 1922இல் அந்நகர் எரிந்து வீழ்ந்த காலத்தில் அவரது குடும்பம் கப்பலேறி மோல்ற்றாவுக்குத் தப்பியது. தந்தை அங்கேயே இறந்தார். மறு ஆண்டு தாயுடன் இங்கிலாந்துக்கு வந்த அந்தப் பதின்ம வயதுச் சிறுவன் பொறியியல் பயின்றான். கணிதத்தில் மீண்டும் மீண்டும் தோற்றான். 1948இல் மொறிஸ் மைனரும் 1959இல் மினியும் அவன் கையிலிருந்து பிறந்தன. 1969இல் நாடு அவனுக்குச் 'சேர்' பட்டம் அளித்தது. ஆங்கிலேயர் தங்களுடையதென்று பெருமை பேசும் கார்களைத் தந்தவன் ஓர் அகதி.

அந்த இரவில், விளக்கில்லாத வீதியிலே, என் தங்கையை உயிரோடு கொண்டு சேர்த்த தந்தையாரின் கைகள் பற்றியிருந்தது ஓர் அகதி வரைந்த ஸ்ரியரிங்கை. இதனை அவர் அறிந்திருக்கவில்லை. நானும் இங்கு வந்த பின்னரே அறிந்தேன்.

கராச் அண்ணை கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது, கார் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "மாசத்தில ஒருக்கா ஸ்ராட் பண்ணி வைக்கிறன் தம்பி. பெற்றோலிலதான்."