சிவப்புக் கண்ணில் ஒரு மலை... நீலக் கண்ணில் ஒரு மலை!

காலேஜ் டூர் என்றதும் நம்ம பசங்க வாயில் முதலில் வருகிற பெயர் கொடைக்கானல்தான். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, டால்பின் நோஸ் என்று ஒரு ரவுண்டு அடித்து, செல்போன் மெமரி தீரும்வரை போட்டோ எடுத்துத் தள்ளுவீர்கள். ஹாஸ்டலுக்கு வந்து பார்த்தால்... 'அங்கே நின்னப்போ வயித்தைக் கலக்குச்சே, போட்டோவில் பள்ளத்தையே காணோமேடா!'

காரணம் சிம்பிள். உங்களுக்கு ரெண்டு கண். கேமராவுக்கு ஒண்ணுதான்!

கட்டை விரலைக் கேளுங்க!

கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்துங்கள். முதலில் வலது கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் இடது கண்ணை. விரல் இங்கிட்டும் அங்கிட்டும் தாவுகிறதா? இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் கொஞ்சம் வேறு வேறான படத்தைப் பார்க்கின்றன. பக்கத்தில் இருப்பது அதிகமாகத் தாவும், தூரத்தில் இருப்பது குறைவாகத் தாவும். அந்த வித்தியாசத்தை வைத்தே மூளை 'இது கிட்ட, அது எட்ட' என்று கணக்குப் போட்டுவிடுகிறது. 1838-ல் இதை விளக்கி, இரண்டு படங்களை ஒன்றாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியைப் பற்றி எழுதியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன்.

சினிமா செய்வதும் இதே தில்லாலங்கடிதான். ஒரே திரையில் இரண்டு படம். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று பிரித்துக் கொடுக்க ஒரு வாட்ச்மேன் வேண்டுமே? அவர்தான் கலர் கண்ணாடி.

கண்ணாடி பண்ணும் வேலை

இடது கண்ணுக்கான படத்தைச் சிவப்பு ஒளியிலும், வலது கண்ணுக்கான படத்தை நீலமும் பச்சையும் கலந்த 'சயான்' ஒளியிலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போடுகிறார்கள். சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும், மற்றதைத் தடுத்துவிடும். சயான் கண்ணாடி அப்படியே உல்டா. ஆக, ஆளுக்கொரு படம். பிறகு இரண்டையும் ஒட்டுவது மூளையின் வேலை.

சரி, பேய் எப்படி நம்ம மடியில் வந்து விழுகிறது? இடது கண்ணுக்கான பேய் திரையில் வலப்பக்கமும், வலது கண்ணுக்கான பேய் இடப்பக்கமும் இருந்தால், இரு கண்களின் பார்வைக் கோடுகளும் திரைக்கு முன்னாலேயே குறுக்கே வெட்டிக்கொள்ளும். பேய் அங்கே நிற்பதாக மூளை நம்பிவிடும். இடத்தை மாற்றிப் போட்டால் பேய் திரைக்குப் பின்னால் போய்விடும். அவ்வளவுதான் மேட்டர்!

1922-லேயே அமெரிக்காவில் 'தி பவர் ஆஃப் லவ்' படத்தை இந்தக் கலர் முறையில் காட்டினார்கள். ஆனால் இதில் ஒரு கஷ்டம் உண்டு. ஹீரோயின் சிவப்புச் சேலை கட்டி வந்தால், ஒரு கண்ணுக்குப் பளிச், மறு கண்ணுக்குக் கறுப்பு. கண் குழம்பி, தலை வலிக்கும். அதனால்தான் 1984-ல் ஜிஜோ இயக்கிய நம் நாட்டின் முதல் 3டி படம் 'மை டியர் குட்டிச்சாத்தா'னும், அதற்கு அடுத்த வருடம் விஜயகாந்த் நடித்துத் தமிழில் வந்த 'அன்னை பூமி'யும் கலரை நம்பவில்லை. ஒளி அலை அதிரும் திசையை வைத்துப் பிரிக்கும் போலராய்டு கண்ணாடிக்குப் போய்விட்டன. இன்று பெரும்பாலான தியேட்டர்களில் தருவதும் அந்த வகைதான்.

அப்போ கலர் கண்ணாடி அவுட்டா? அதுதான் இல்லை! 2023 ஆகஸ்ட் 30-ல் நிலாவில் நம்ம பிரக்யான் ரோவர், விக்ரம் லேண்டரை இரண்டு கேமராக்களால் எடுத்த படத்தை இஸ்ரோ சிவப்பு-சயான் 3டியாகத்தான் வெளியிட்டது. பேப்பரிலும் போன் திரையிலும் 3டி காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

கொடைக்கானலில் நீங்களே எடுக்கலாம்

கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் எதிரே மலைகள், கீழே வைகைச் சமவெளி. ஆனால் அவ்வளவு தூரத்துக்கு ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி எந்த மூலைக்கு? இரண்டு கண்களும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் பார்க்கும். அப்போது மூளை வேறு துப்புகளைத் தேடும். எட்ட இருக்கும் மலை நீலம் பூத்து மங்கலாகத் தெரிவது அதில் ஒன்று. மழை விட்டு காற்று சுத்தமானதும் மலை திடீரென்று கிட்டே வந்த மாதிரி இருக்கிறதே, அது இதனால்தான்!

எனவே கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பெரிதாக்குங்கள். படத்தில் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தை முப்பதால் வகுங்கள். அது 300 மீட்டரில் இருந்தால், இரண்டு போட்டோவுக்கும் நடுவே 10 மீட்டர். நீங்கள் இங்கே, நண்பர் அங்கே. இருவருக்கும் ஒரே உயரம், ஒரே ஜூம். 'ஒன், டூ, த்ரீ' சொல்லி ஒரே நொடியில் க்ளிக். ஒருத்தரே நடந்துபோய் எடுத்தால், அதற்குள் மேகம் நகர்ந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு போட்டோ சாஃப்ட்வேரில் வலது படத்தைத் திறந்து, அதன் சிவப்புச் சேனலை எடுத்துவிட்டு இடது படத்தின் சிவப்புச் சேனலைப் போடுங்கள். சிவப்பு, நீலக் கலர் கண்ணாடி பேப்பரை அட்டையில் ஒட்டினால் கண்ணாடி ரெடி. இடது கண்ணுக்குச் சிவப்பு. மாற்றிப் போட்டால் பள்ளம் மேடாகிவிடும்! எல்லாம் சரியாக வந்தால், மலை மொத்தமும் கொலுவில் வைத்த குட்டிப் பொம்மை மலை மாதிரி முன்னால் நிற்கும்.

விளையாட்டு இல்லாத மூன்று விஷயம்

ஒன்று, செல்போன் திரை ஒற்றைக் கண். அதில் பார்த்தபடி பின்னால் நகர்ந்தால் விளிம்பு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று தெரியாது. 2006-ல் குணா குகையில் விழுந்த இளைஞரை நண்பர் இறங்கி மீட்டதால்தான் 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. தடுப்பு வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

இரண்டு, கொடைக்கானலில் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறதே என்று இந்தக் கண்ணாடியோடு சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். கலர் பேப்பர் எந்தப் பாதுகாப்பும் தராது. பார்வையே போகலாம்.

மூன்று, எல்லோரும் 'வாவ்' என்று கத்தும்போது உங்களுக்கு மட்டும் படம் தட்டையாகவே தெரிகிறதா? 'எனக்கு 3டி பிடிக்காதுப்பா' என்று சமாளிக்க வேண்டாம். ஒரு கண்ணை மூளை கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். 'சோம்பேறிக் கண்' என்பார்கள். கண் டாக்டரிடம் ஒரு எட்டு போய் வாருங்கள். சின்ன வயதில் கண்டுபிடித்தால் சரிசெய்ய நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் அந்த அட்டைக் கண்ணாடியை வீட்டில் உள்ள தம்பி, தங்கச்சிக்கும் மாட்டிப் பாருங்கள். 'அண்ணா, எனக்கு ஒண்ணுமே வெளியே வரலை' என்று சொன்னால், சிரிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.