பூஜ்யம் பெறும் செவிகள்

யுத்தத்தில் ஒரு காலைப் பறிகொடுத்துத் திரும்பிய சிப்பாயிடம் அத்தாட்சி கேட்பாரில்லை. ஆனால் பீரங்கியின் பக்கத்திலேயே நின்று செவியைக் கெடுத்துக்கொண்டவர், முப்பது நாற்பது வருஷங்கள் கழித்து அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் துறையிடம் ஊன நஷ்டஈடு கோரும்போது, இன்றைய செவிட்டுத்தன்மை, அன்றைய பேரோசை, இரண்டுக்கும் இடையிலுள்ள காரண காரிய சம்பந்தம் ஆகிய மூன்றையுமே ருசுப்படுத்தியாக வேண்டும்.

150 டெசிபலைத் தாண்டும் துப்பாக்கி வெடி உட்செவியின் நுண்ரோம செல்களைச் சிதைக்கிறது. சிதைந்தவை மறுபடி முளைப்பதில்லை. எனினும் முதலில் கெடுவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்சஸ்தாயி ஒலிகளே ஆகையால், பேச்சு ஒருவாறு கேட்டுக்கொண்டிருக்க, நஷ்டம் உரியவருக்கே உடனே புலப்படுவதில்லை. இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து விடுபட்டவர்களை 15 அடி தள்ளி நிறுத்தி, டாக்டர் கிசுகிசுத்ததைத் திருப்பிச் சொன்னால் '15/15' என்று குறித்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனையில் இந்த நஷ்டம் எப்படி அகப்படும்? இப்படிப்பட்ட காகிதங்களே பின்னாளில் எதிர்சாட்சியாக வந்து நின்றன. விடுபட்ட சமயத்தில் செவி சரியாயிருந்தது என்ற ஒரே காரணத்தால் மனுவைத் தள்ளலாகாது என்று 1993-இல் ஹென்ஸ்லி வழக்கில் தீர்ப்பாயிற்று.

விசித்திரம் சம்பந்தம் ருசுவானதற்கப்புறந்தான். செவிக் கருவியைக் கழற்றி வைக்கச் சொல்லி, 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை நான்கு ஸ்தானங்களில் கேட்கும் வரம்பின் சராசரியையும், ஓரசைச் சொற்களை எத்தனை சதவீதம் சரியாகத் திருப்பிச் சொன்னார் என்பதையும் அட்டவணையில் பொருத்தி ஊன விகிதத்தை நிர்ணயிக்கிறார்கள். விருந்து மேஜையில் பேரன் சொல்வது விளங்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கூட, நிசப்தமான அந்த அறையில் நன்றாகவே தேறிவிடக்கூடும். பலருக்கு வாய்ப்பது பூஜ்ய சதவீதம்: ஊனம் உண்டு, பணம் இல்லை. காதிரைச்சலோ, அனுபவிப்பவரின் வாக்கைத் தவிர வேறு பிரமாணம் அநேகமாக இல்லாத உபாதை. அதற்கு 10 சதவீதம் கிடைக்கிறது. ஒரு காதில் இரைந்தாலும் இரு காதில் இரைந்தாலும் அதே பத்துதான் என்ற துறையின் வியாக்கியானத்தை 2006-இல் ஸ்மித் வழக்கில் பெடரல் அப்பீல் கோர்ட்டும் அங்கீகரித்தது.

அளந்ததற்குச் சூன்யம், அளக்க முடியாததற்குப் பத்து என்று இதைப் பரிகசிப்போர், பொய்யர்கள் லாபமடைகிறார்கள் என்று சந்தேகிக்கிறார்கள். சிப்பாயின் வாக்கை நம்பியதில் எனக்கு ஆட்சேபமில்லை. என் ஆட்சேபமெல்லாம் அந்த நிசப்த அறையின் பேரில்தான். பின்னணி இரைச்சலின் நடுவே பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று பார்க்கும் பரீட்சைகள் செவி வைத்தியத்தில் புழக்கத்தில் இருந்தும், நஷ்டஈட்டு அட்டவணை அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.