வேளாண் இழப்பும் வருமான வரியும் (இந்தியா)

இந்தியாவில் வேளாண்மையில் ஏற்படும் இழப்பைச் சம்பளம், வாடகை, வட்டி போன்ற பிற வருமானங்களிலிருந்து கழித்துக்கொள்ள இயலாது. வேளாண் வருமானத்துக்கு ஒன்றிய அரசின் வருமான வரி இல்லை என்பதன் மறுபக்கமே இது. அவ்வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி மாநிலங்களுக்கு உரியது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு தந்த விலக்கு, 2026 ஏப்ரல் 1 முதலான புதிய சட்டத்திலும் உண்டு. (இங்குள்ள பிரிவு எண் பழைய சட்டத்துக்குரியது.)

வரி இல்லாத இனத்தில் வரும் இழப்புக்கும் வரிக் கணக்கில் இடமில்லை என்பது 1975இல் ஹர்பிரசாத் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த கொள்கை. நகரத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரிலுள்ள பரம்பரை நிலத்தில் 70,000 ரூபாய் செலவழித்து நிலக்கடலை போடுகிறார். மழை பொய்த்து 45,000 ரூபாய்தான் கைக்கு வருகிறது. இழப்பு 25,000 ரூபாய் என்றாலும், அவருடைய சம்பளம் முழுமைக்கும் வரி உண்டு. விலக்கைச் சலுகை என்றே பேசிப் பழகியவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விகிதக் கணக்கு

வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, பிற வருமானமும் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் இரண்டும் கூட்டப்படுகின்றன. கே. என். ராஜ் குழுவின் பரிந்துரையை அடுத்து 1973இல் வந்த முறை இது. இங்கும் இழப்பு கழிக்கப்படுவதில்லை. சுழியம் என்றே கொள்ளப்படுகிறது. ஆனால் அவ்விழப்பை 8 ஆண்டுகள் வரை பின்வரும் வேளாண் வருமானத்தில் ஈடுசெய்யலாம். இவ்வாண்டு 40,000 இழந்து அடுத்த ஆண்டு 1,00,000 ஈட்டினால், விகிதக் கணக்கில் 60,000 மட்டுமே சேரும். இதற்கு இழப்பு வந்த ஆண்டிலேயே அதைக் கணக்குத் தாக்கலில் காட்டி, மதிப்பீட்டு அலுவலரால் நிர்ணயிக்கப்பட்டிருக்க வேண்டும். வரி இல்லையே என்று காட்டாமல் விட்டவருக்கு இந்த வழி அடைபடும்.

தேயிலை

சொந்தத் தோட்டத்துத் தேயிலையைத் தாமே தூளாக்கி விற்பவரின் வருமானத்தில் 60 விழுக்காடு வேளாண்மை, 40 விழுக்காடு வணிகம். 10 இலட்சம் இழந்தால் 4 இலட்சம் வணிக இழப்பாகும். நீலகிரியில் பச்சை இலையைத் தொழிற்சாலைக்கு விற்கும் சிறு விவசாயிக்கு இப்பங்கீடு இல்லை; அவருடைய வருமானமும் இழப்பும் முழுவதும் வேளாண்மையே.

மாடும் கோழியும்

பால் பண்ணை, கோழிப் பண்ணை ஆகியவை விவசாயத்தோடு சேர்ந்தே நடந்தாலும், வரிச் சட்டத்தில் அவை வணிகம். இலாபத்துக்கு வரி உண்டு. ஆகவே இழப்புக்கும் மதிப்பு உண்டு. சம்பளத்தில் கழிக்க முடியாது. வாடகையிலோ வட்டியிலோ கழிக்கலாம். மிச்சத்தை 8 ஆண்டுகள் வரை வணிக இலாபத்தில் ஈடுசெய்யலாம், உரிய கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்திருந்தால். தென்னந்தோப்பும் மாட்டுத் தொழுவமும் வைத்திருப்பவர் தீவனம், கூலி, மின்சாரம் ஆகியவற்றை இரண்டுக்கும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.