பெட் ஸ்கேனுக்குப் போகிறவர் ஏன் கம்பளி போர்த்த வேண்டும்?

பலாங்கொடை, பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று இறங்கிக் கொழும்புக்குப் போகும் ஏ-4 வீதியில்தான் மஹரகம இருக்கிறது. அங்குள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போய்வருகிறார்கள். அந்த வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வேண்டுமென்று 2016ஆம் ஆண்டளவில் கதீஜா பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு முன்னின்று நிதி திரட்டியது. இலக்கு இருபது கோடி ரூபாய். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள்.

பெட் ஸ்கேனுக்குப் போகிறவருக்கு எந்த நாட்டிலும் சொல்லப்படுவது ஏறக்குறைய ஒன்றேதான். ஆறு மணித்தியாலத்துக்குத் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம், சீனி போட்ட பிளேன்டீயும் கூடாது. முதல் நாள் கடுமையாக உடம்பை வருத்த வேண்டாம். குளிர் படாமல் வாருங்கள், ஏசி அறையில் கம்பளி போர்த்திக்கொண்டு இருங்கள். முதல் இரண்டும் எளிதில் விளங்கும். மூன்றாவதற்குக் காரணம் நம் கழுத்தடியில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு.

பெட் ஸ்கேனில் நரம்பு வழியாக ஏற்றுவது ஒருவகைச் சீனிதான். குளுக்கோஸை ஒத்த ஒரு மூலக்கூறில் கதிரியக்கமுள்ள புளோரின்-18ஐ இணைத்திருப்பார்கள். எந்த இழையம் அதிகமாகச் சீனி எடுக்கிறதோ அதற்குள் இதுவும் போய்த் தங்கிவிடும். புளோரின்-18 சிதையும்போது எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரண்டு காமாக் கதிர்களை வளையம்போன்ற கருவி பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. புற்றுக்கட்டிகள் சீனிக்குப் பேராசை பிடித்தவை என்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் மூளையும் சீனி எடுக்கிறது, வேலை செய்யும் தசையும் எடுக்கிறது. ஆகவே ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல.

1990களில் பல நாடுகளின் ஸ்கேன் அறைகளிலும் ஒரு தொல்லை இருந்தது. சிலருடைய கழுத்தின் இருபுறமும், காறை எலும்புக்கு மேலேயும், முதுகெலும்பை ஒட்டியும் சமச்சீராக ஒளிர்ந்தது. ‘பயத்தில் தசை இறுகியிருக்கும்’ என்று வைத்தியர்கள் ஒதுக்கினார்கள். பெட்டையும் சீடி ஸ்கேனையும் ஒரே இயந்திரத்தில் இணைத்த பிறகுதான் உண்மை புலப்பட்டது. சீடியில் ஒவ்வொரு பொருளின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் பூச்சியம், காற்று மைனஸ் 1000, கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100ஐச் சுற்றி. ஒளிர்ந்த இடத்தின் எண்ணைப் பார்த்தால் அது தசை அல்ல, கொழுப்பு. சூரிச் நகர ஆய்வாளர்கள் 2002இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

சேமிப்புக்கான வெள்ளைக் கொழுப்பு சும்மா கிடக்கும். ஸ்கேனில் ஒளிர்ந்த இந்தப் பழுப்புக் கொழுப்பு அப்படியல்ல. இதன் கலங்களில் இழைமணிகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. அவற்றிலுள்ள இரும்புதான் பழுப்பு நிறத்துக்குக் காரணம். சாதாரணக் கலத்தில் இழைமணி உணவிலிருந்து கிடைக்கும் சக்தியை ஏடிபி என்ற பொருளாகப் பிடித்துவைக்கும். பழுப்புக் கொழுப்பில் யுசிபி1 என்ற புரதம் குறுக்கே ஒரு வழியைத் திறந்துவிடுவதால் அந்தச் சக்தி பிடிபடாமல் நேரே வெப்பமாக வெளியேறுகிறது. பிறந்த குழந்தைக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு இடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும் இந்தக் கொழுப்புத்தான் அதற்குக் கணப்பு. வளர்ந்தவர்களிடம் இது பெயருக்குத்தான் மிஞ்சும் என்று வெகுகாலம் பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன.

அந்தக் கருத்தை மாற்றியது 2009 ஏப்ரல். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் பொஸ்டன், மாஸ்ட்ரிக்ட், துர்க்கு ஆகிய நகரங்களிலிருந்து மூன்று ஆய்வுகள் வந்தன. பொஸ்டன் குழு, வேறு காரணங்களுக்காக ஏற்கனவே எடுத்திருந்த 3,640 ஸ்கேன்களைப் புரட்டிப் பார்த்தது. பெண்களில் நூற்றுக்கு 7.5 பேரிடமும் ஆண்களில் 3.1 பேரிடமும்தான் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்தது. மாஸ்ட்ரிக்ட் குழுவோ 24 இளைஞர்களை 16 பாகை செல்சியஸ் குளிரில் இருத்தி ஸ்கேன் எடுத்தது. 23 பேரிடம் ஒளிர்ந்தது.

மூன்று சதவீதம் எங்கே, 24இல் 23 எங்கே? என் கருத்தில் இந்தத் துறையையே புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்கள் போதும். பெட் ஸ்கேன் காட்டுவது கொழுப்பின் அளவை அல்ல, மருந்து ஏற்றிய பிறகான ஒரு மணித்தியாலத்தில் அது செய்த வேலையை. கதகதப்பான அறையில் படுத்திருப்பவரிடம் பழுப்புக் கொழுப்பு நிறையவே இருக்கலாம், படத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆகவே ‘பழுப்புக் கொழுப்பு இல்லை’ என்று யாராவது சொன்னால், எத்தனை பாகையில் எடுத்த படம் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இதனால் ஒரே கொழுப்பை இரண்டு தரப்பார் இரண்டு விதமாக நடத்துகிறார்கள். புற்றுநோய் வைத்தியருக்கு அது இடைஞ்சல். கழுத்து நிணக்கணுவில் உள்ள கட்டியை மறைத்துவிடும், அல்லது இல்லாத கட்டியை இருப்பதுபோலக் காட்டும். ஆகவே கம்பளி, சில இடங்களில் புறோப்ரனலோல் மாத்திரையும். ஸ்கேன் அறிக்கையில் கழுத்துப் பகுதியில் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்ததாக எழுதியிருந்தால் அது நோயல்ல, பயப்படத் தேவையில்லை. ஆய்வாளரோ ஆளைக் குளிர்விக்கிறார். குளிர்நீர் ஓடும் மேலங்கியைப் போட்டு, நடுக்கம் தொடங்கும்வரை வெப்பநிலையைக் குறைத்து, பிறகு நடுக்கம் நிற்குமளவு சற்று ஏற்றி, இரண்டு மணித்தியாலம்வரை வைத்திருப்பார். நடுங்கினால் தசையும் சீனியை இழுக்கும், கணக்குக் குழம்பிவிடும்.

ஜப்பானின் சப்போரோவில் 19 பாகையில் செய்த ஆய்வில், 35 வயதுக்குட்பட்ட 32 பேரில் 17 பேரிடம் ஒளிர்ந்தது; 38 வயதுக்கு மேற்பட்ட 24 பேரில் இருவரிடம் மட்டுமே. மாரியில் எடுத்த படங்கள் கோடையில் எடுத்தவற்றைவிட அதிகமாக ஒளிர்ந்தன. நம் பக்கத்திலோ அந்தக் குளிரே அரிது. இரத்தினபுரி நகரில் இரவிலேகூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்கு மேல்தான். விடியற்காலையில் றப்பர் பால் வெட்டப் போகிறவரும், நண்பகல் வெயிலில் கொழுந்து பறிக்கிறவரும் வேலையிலேயே வேண்டிய சூட்டைப் பெற்றுவிடுகிறார்கள்.

நம்மவர்களைத் தொட்டும் ஓர் ஆய்வு உண்டு. நெதர்லாந்தின் லெய்டனில் தெற்காசிய வம்சாவளியினர் 12 பேரையும் வெள்ளையர் 12 பேரையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். எல்லோரும் ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்கள். தெற்காசியர்களிடம் ஒளிர்ந்த பழுப்புக் கொழுப்பின் கன அளவு 34 சதவீதம் குறைவு. ஓய்வில் உடம்பு செலவிடும் சக்தி 32 சதவீதம் குறைவு. அவர்களுக்கு நடுக்கமும் சீக்கிரம் வந்தது. ஒல்லியாக இருந்தும் சீனி வருத்தம் வரும் நம் இனத்தின் புதிருக்கு இது விடையாகுமோ என்று பலர் ஆவலோடு பார்த்தார்கள். 24 பேரைக் கொண்ட ஆய்வு அத்தனை பாரத்தைத் தாங்காது. தவிர, லெய்டனில் வளர்ந்தவருக்கும் எட்டியாந்தோட்டை லயத்தில் வளர்ந்தவருக்கும் இடையே சாப்பாடு, உழைப்பு, காலநிலை எல்லாம் வேறு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழுப்புக் கொழுப்பின் பிரதான எரிபொருள் சீனி அல்ல, கொழுப்பமிலம். பெட் ஸ்கேன் பின்தொடர்வதோ சீனியை. இன்சுலினுக்குச் சரியாகப் பதிலளிக்காத உடம்பில் இந்த இழையம் சீனியைக் குறைவாக எடுத்துக்கொண்டே மும்முரமாக எரியலாம். கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: இரண்டாம் வகைச் சீனி வருத்தக்காரர்களின் பழுப்புக் கொழுப்பில் சீனி எடுப்பு குறைந்திருந்தது, கொழுப்பமிலம் எடுப்பதும் எரிப்பதும் குறையவில்லை. அதை அறிய அவர்கள் வேறு கதிரியக்கப் பொருட்களையும் பயன்படுத்தினார்கள். அவற்றில் ஒன்றான கார்பன்-11இன் அரைவாழ்வுக் காலம் 20 நிமிடம்தான். தயாரிக்கும் சைக்ளோட்ரோன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புளோரின்-18க்கு 110 நிமிடம், ஓரளவு தூரம் கொண்டுபோகலாம்.

குளிர்ந்த நீரில் குளித்தால் பழுப்புக் கொழுப்பு எரிந்து உடம்பு இளைக்கும் என்று விளம்பரங்கள் வருகின்றன. அமெரிக்காவின் டெட்ரொய்ட் ஆய்வாளர்கள் 2013இல் பெட் மூலம் கணக்கிட்டபோது, குளிரில் இந்த இழையம் நேரடியாகச் செலவிடுவது நாளொன்றுக்கு 15 முதல் 25 கலோரி என்றே வந்தது. பிளேன்டீயில் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனியிலேயே 16 கலோரி இருக்கிறது.

ஆரோக்கியமான ஒருவரை ஆய்வுக்காக மட்டும் பெட் ஸ்கேனில் படுக்கவைப்பது எளிதில் நியாயப்படுத்தக்கூடியதல்ல. வழக்கமான அளவு மருந்து மட்டுமே ஏறத்தாழ 7 மில்லிசீவேட் கதிர்வீச்சைத் தரும். இயற்கைச் சூழலிலிருந்து ஒருவருக்கு ஆண்டில் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. ஆய்வுகளில் மருந்தின் அளவைக் குறைக்கிறார்கள், ஆனாலும் குழந்தைகளிடம் இதைச் செய்ய முடியாது. எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. பழுப்புக் கொழுப்பில் நீர் கூடுதல், கொழுப்புத் துளி குறைவு என்ற வேறுபாட்டை வைத்து அதை அடையாளம் காணலாம். இன்னும் மலிவானது அகச்சிவப்புக் கமெரா. காறை எலும்புக்கு மேலுள்ள தோலின் சூட்டை நெஞ்சுத் தோலின் சூட்டோடு ஒப்பிட்டு, குளிர்வித்த பிறகு வித்தியாசம் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் சூடு வெளியே தெரியாது என்பது அதன் குறை.

இந்தக் கமெராவுக்கு நம் தோட்டங்களில் ஒரு வேலை இருக்கிறது. பிறப்பு நிறை 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில் கூடுதல். அப்படிப் பிறந்தவர்களின் பழுப்புக் கொழுப்பு பிற்காலத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, சைக்ளோட்ரோன் தேவையில்லை. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ ஒரு தோட்ட டிஸ்பென்சரிக்கு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய ஓர் அறையும் ஓர் அகச்சிவப்புக் கமெராவும் கிடைத்தால் தொடங்கிவிடலாம்.