வண்ண மூங்கில் பொலிவிழப்பது ஏன்? வெட்டுவதற்கு உரிய காலம் எது?

வீட்டுத் தோட்டத்தில் ஆசையுடன் நடப்பட்ட மஞ்சள் மூங்கில், சில ஆண்டுகளிலேயே நிறம் மங்கி, கை நுழைய முடியாத புதராகிவிடுவது உண்டு. மண்ணில் சத்துக் குறைவு என்று எண்ணி உரமிடத் தொடங்குவோர் பலர். ஆனால், பெரும்பாலும் பிழை உரத்தில் இல்லை; எந்தக் கழியை, எந்தப் பருவத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. மண்ணைப் பிளந்து வரும் முளை, தோன்றும்போது உள்ள பருமனுடனேயே சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் அது பருப்பதுமில்லை, உயர்வதுமில்லை. பொன்னிறக் கழியில் பச்சைக் கோடுகள் ஓடும் மஞ்சள் மூங்கிலின் அழகு இளங்கழிகளில்தான் பளிச்சிடும். வயது ஏற ஏற வெயிலும் பாசியும் அதை மங்கச் செய்யும். கருமூங்கில் மட்டும் இதற்கு மாறாகப் பச்சையாகத் தோன்றிப் பின்னரே கறுக்கும். ஆகவே, ஆண்டுதோறும் புதிய கழிகளுக்கு இடம் தந்தால்தான் தோட்டத்தில் வண்ணம் நிலைக்கும்.

அந்தப் புதிய கழிகளைத் தருவது மழை. நாட்டின் பெரும்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலமே முளை விடும் காலம். புதர் நெருக்கமாகத் தெரிகிறது என்று அப்போது கத்தியை எடுப்பதே பலரும் செய்யும் தவறு. முளைக்குத் தேவையான உணவை அருகிலுள்ள முதிர்ந்த கழிகளும் அவற்றின் வேர்க்கிழங்குமே அளிக்கின்றன. தாய்க் கழியை அந்நேரத்தில் வெட்டினால் முளை நலிந்துவிடும். கால்பட்டாலே முறியும் அளவுக்கு மென்மையான முளைகளை மாடுகளிடமிருந்தும் காக்க வேண்டும்.

மழை ஓய்ந்த பின், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கழிப்பு வேலையைச் செய்யலாம். வடகிழக்குப் பருவமழை பெறும் தமிழகத்தில் ஜனவரி வரை காத்திருப்பது நல்லது. வெண்பொடி படிந்து, கணுக்களில் மடல் ஒட்டியிருப்பவை இளங்கழிகள். அவற்றைத் தொடக் கூடாது. மூன்று, நான்கு ஆண்டுகளைக் கடந்தவற்றையே நீக்க வேண்டும். சிக்கல் என்னவெனில், வேர்க்கிழங்கு வெளிநோக்கிப் பரவுவதால் முதிர்ந்தவை நடுவிலும் இளையவை விளிம்பிலும் நிற்கும். இதற்காகவே புதரின் ஒரு பக்கத்தில் வழி திறந்து, நடுப்பகுதியைக் கழித்து, குதிரை லாட வடிவில் விடும் முறை பின்பற்றப்படுகிறது. தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அடிக்கட்டையில் நீர் தேங்கி அழுகாது.

கோடையில் இலைகள் பழுத்து உதிர்வது இயல்பு. அச்சருகை அகற்றாமல் புதரடியிலேயே மூடாக்காக விடலாம். புதிய கன்றுகளைக் கணுக்களுடன் கூடிய கழித்துண்டுகளிலிருந்து உருவாக்கவும் மழைக்கு முந்தைய இம்மாதங்கள் ஏற்றவை. மஞ்சள் மூங்கில் பூப்பதே அரிது என்பதால், அதன் விதை என்று விற்கப்படுவதை நம்ப வேண்டியதில்லை. கோடில்லாத முழுப் பச்சைக் கழி தோன்றினால் உடனே நீக்குவது அவசியம். இல்லையெனில் அதுவே பெருகிப் பொன்னிறத்தை ஒதுக்கிவிடும்.

வாங்கும்போதே குத்தாக வளரும் இனமா என்று கேட்டறிவது நன்று. படர்ந்து ஓடும் இனங்களின் நிலத்தடித் தண்டு அண்டை வீட்டிலும் முளைக்கக்கூடும். மஞ்சள் மூங்கில் குத்தாக வளர்ந்தாலும் 15 மீட்டர் உயரம் வரை எழக்கூடியது. சிறிய மனைக்கு 'அல்போன்ஸ் கார்' போன்ற குட்டை வகையே பொருந்தும்.

வெட்டினால் வழக்கு வருமோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலையும் 'மரம்' என்ற வரையறைக்குள் வைத்திருந்தது. 2017-இல் மேற்கொள்ளப்பட்ட திருத்தம் அவ்வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது. வனத்துக்கு வெளியே வளர்க்கப்படும் மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும் அச்சட்டத்தின்கீழ் அனுமதி தேவையில்லை. வனப்பகுதி மூங்கிலுக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது.