கண்காட்சி முடிந்தபின் எஞ்சுவது கையேடு மட்டுமே

புதுதில்லி: ஓவியக் கண்காட்சி ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வாரம் அல்லது பத்து நாள்கள். அது முடிந்ததும் படைப்புகள் வாங்கியவரின் வீட்டுக்கோ, வரைந்தவரின் கூடத்துக்கோ, பல சமயங்களில் கிடங்குக்கோ போய்ச் சேருகின்றன. எந்தப் படைப்பு, எந்த ஆண்டில், எங்கே, யாருடைய பெயரில் மக்கள் முன் வைக்கப்பட்டது என்பதற்கு அதன்பின் எஞ்சும் முக்கியமான அச்சுச் சான்று, "கேட்டலாக்" என்று அழைக்கப்படும் விளக்கக் கையேடுதான்.

அந்தக் கையேடுகளை யார் காப்பது என்ற கேள்வி இப்போது முன்பைவிடக் கூர்மையடைந்துள்ளது. அச்சான ஒவ்வொரு நூலின் படியையும் மாநில அரசிடம் சேர்க்க வகை செய்த 1867-ம் ஆண்டின் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம் விலக்கிக் கொள்ளப்பட்டு, 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பருவ இதழ்களுக்கு மட்டுமான அந்தச் சட்டத்தின் வரம்பில் புத்தகங்கள் இல்லை. நூல்களின் படியைப் பொது நூலகங்களில் சேர்ப்பதற்கு இனி 1954-ம் ஆண்டுச் சட்டத்தையே நம்பியிருக்க வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

பெரிய பதிப்பகங்களுக்கு இதனால் பெரும் பாதிப்பு இல்லை. சில நூறு படிகள் மட்டும் அச்சிட்டு, வருவோருக்கு வழங்கிவிட்டு மறந்துவிடும் பல்கலைக்கழகக் கலைக்கூடங்களின் வெளியீடுகளே இதில் பெரிதும் இழப்புக்கு உள்ளாகக் கூடியவை.

தில்லியில் ஒரே ஒரு கண்காட்சி: கையேட்டின் மதிப்புக்குத் தலைநகரிலேயே சான்று உண்டு. 1963 அக்டோபரில் தில்லி ரவீந்திர பவனில் "குரூப் 1890" என்ற குழுவின் கண்காட்சியைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜெ. சுவாமிநாதன் தலைமையில் 12 ஓவியர்களும் சிற்பிகளும் அதில் பங்கேற்றனர். சென்னையைச் சேர்ந்த ரெட்டப்ப நாயுடுவும் அவர்களில் ஒருவர். குஜராத்தின் பாவ்நகரில் அவர்கள் கூடிப் பேசிய வீட்டின் எண்ணே குழுவின் பெயராயிற்று.

அக்குழு நடத்திய கண்காட்சி அது ஒன்றே. அதன்பின் அவர்கள் தத்தம் வழியில் பிரிந்து சென்றனர். ஆயினும் இந்திய நவீன ஓவிய வரலாற்றை எழுதுவோர் எவரும் அக்குழுவைத் தவிர்க்க முடிவதில்லை. அன்று இந்தியாவில் மெக்ஸிகோ நாட்டுத் தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ் எழுதிய அறிமுகவுரையும், குழுவின் கொள்கை அறிக்கையும் அச்சில் நிலைபெற்றுவிட்டதே அதற்குக் காரணம். 53 ஆண்டுகள் கழித்து, 2016-ல் தில்லியில் ஒரு தனியார் கலைக்கூடம் அக்குழுவுக்கு மீண்டும் கண்காட்சி நடத்தியபோது, பழைய அச்சுச் சான்றுகளே அதற்கு வழிகாட்டின.

நியூயார்க்கும் வதோதராவும்: 1985-ல் அமெரிக்காவில் இந்திய விழா நடைபெற்றபோது, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிரே கலைக்கூடம் இந்திய சமகால ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. செஸ்டர் ஹெர்விட்ஸ், டேவிடா ஹெர்விட்ஸ் தம்பதியர் சேகரித்த ஓவியங்கள் அதில் இடம்பெற்றன. கண்காட்சியுடன் வெளியான கையேட்டை இன்றும் உலகின் பல நூலகங்களில் காண முடியும். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஓவியம் இடம் மாறினாலும், அது எங்கிருந்து வந்தது என்பதைக் கையேடு சொல்லிக் கொண்டிருக்கிறது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1987-ல், குஜராத்தின் வதோதராவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தின் காட்சிக்கூடத்தில் வேறு ஒரு கண்காட்சி நடைபெற்றது. "வினாக்களும் உரையாடலும்" என்ற பொருள்படும் தலைப்பில் அதை நடத்தியவர்கள் "ரேடிகல்" ஓவியர், சிற்பியர் சங்கத்தினர். அவர்களில் பெரும்பாலோர் கேரளத்தைச் சேர்ந்த இளைஞர்கள். திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் படித்த சிற்பி கே.பி. கிருஷ்ணகுமார் அவர்களின் மையமாக விளங்கினார். கண்காட்சியையொட்டி வெளிவந்த கையேட்டில் அனிதா துபே எழுதிய கட்டுரை, குழுவின் கொள்கை அறிக்கையாகவே அமைந்தது. கலை விற்பனைச் சரக்காக மாறுவதை அது கடுமையாக எதிர்த்தது.

கிருஷ்ணகுமார் 1989 இறுதியில், 31-வது வயதில், தன் உயிரை மாய்த்துக் கொண்டார். சங்கமும் கலைந்தது. பிளாஸ்டரிலும் ஃபைபர்கிளாஸிலும் செய்யப்பட்ட சிற்பங்கள் எளிதில் சேதமடையக் கூடியவை. வாங்குவோரை நாடாத அக்குழுவினரின் படைப்புகளில் பல காலப்போக்கில் அழிந்தன. அவர்களைப் பற்றி ஆராய்வோர் இன்று முதலில் தேடுவது அந்தக் கையேட்டைத்தான். அதை எழுதிய அனிதா துபே, 2018-ல் கொச்சி - முசிறிஸ் பினாலேயின் நான்காவது பதிப்பைத் தொகுத்தளித்தார். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு பல்கலைக்கழகக் கலைக்கூடங்களில் இந்தியக் கலை காட்சிக்கு வந்தது. ஒன்றுக்குப் பல்கலைக்கழகமும் நூலகங்களும் துணை நின்றன. மற்றொன்றின் நினைவைக் காத்தது சிலர் கைவசம் வைத்திருந்த சில படிகள் மட்டுமே.

பூட்டப்பட்ட ஆவணக் கூடம்: காட்சிக்கூடமும் ஆவணக் கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் வதோதரா உணர்த்தியது. 2007 மே மாதம் அதே நுண்கலைப் புலத்தில் தேர்வுக்காக வைக்கப்பட்டிருந்த மாணவர் ஒருவரின் படைப்புகளுக்கு எதிர்ப்பு எழுந்து, அவர் கைது செய்யப்பட்டார். இதைக் கண்டித்து, கலை வரலாற்று மாணவர்கள் துறையின் ஆவணங்களில் இருந்த பழைய இந்தியச் சிற்ப, ஓவியப் படங்களின் நகல்களைக் காட்சிக்கு வைத்தனர். அதை மூடுமாறு பல்கலைக்கழக நிர்வாகம் கூறியதைப் பொறுப்புப் புல முதல்வர் சிவாஜி பணிக்கர் ஏற்கவில்லை. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். துறையின் ஆவண மையத்துக்கும் முத்திரை வைக்கப்பட்டது. தில்லி, மும்பை உள்ளிட்ட நகரங்களில் கலைஞர்கள் கண்டனம் தெரிவித்தனர். ஒரே இடத்தில் மட்டும் ஆவணங்கள் இருந்தால், ஒரே பூட்டு அனைத்தையும் மறைத்துவிடும் என்பது அன்று வெளிப்பட்டது.

போலிகளுக்குத் தடை: இது கலை வரலாற்று ஆய்வாளர்களின் கவலை மட்டுமன்று. 2011-ல் கொல்கத்தா அரசு கலை, கைவினைக் கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூரின் ஓவியங்கள் என்று 20 ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றின் உண்மைத் தன்மை குறித்து ஐயம் எழுந்து விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவை தாகூர் வரைந்தவை அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் வல்லுநர் குழு முடிவு கூறியது.

தாகூர், ரவிவர்மா, அமிர்தா ஷேர்கில் உள்ளிட்ட 9 ஓவியர்களின் படைப்புகள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. அத்தகைய பெரிய பெயர்களுக்கே இந்த நிலை என்றால், மற்றவர்களின் நிலை சொல்லத் தேவையில்லை. ஓர் ஓவியம் எப்போது முதன்முதலில் காட்சிக்கு வந்தது, அதன் அளவு என்ன, யாரிடம் இருந்தது என்ற விவரங்களைப் பழைய கையேடுகளோடு ஒப்பிட்டே வல்லுநர்கள் ஒரு முடிவுக்கு வருகின்றனர். ஒப்பிடக் கையேடு கிடைக்காத இடத்தில் போலிக்கு வழி எளிதாகிறது. ஓவியரின் குடும்பமும், பொதுப் பணத்தில் ஓவியம் வாங்கும் அருங்காட்சியகங்களும் அதன் விலையைக் கொடுக்க நேரிடுகிறது.

நான்கு நூலகங்கள், 50 ரூபாய் அபராதம்: தேசிய நவீன கலைக்கூடமும் லலித் கலா அகாதெமியும் தொடங்கப்பட்ட அதே 1954-ல்தான், நூல்களைப் பொது நூலகங்களுக்கு அளிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நூல் வெளியான 30 நாள்களுக்குள் பதிப்பாளர் தம் சொந்தச் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை ஏஷியாட்டிக் சொசைட்டி, தில்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் தலா ஒரு படி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

"புத்தகம்" என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கம் விரிவானது. எந்த மொழியில் அச்சான தொகுதியும், தொகுதியின் பகுதியும், சிறு துண்டு நூலும் அதில் அடங்கும். ஆகவே பத்துப் பக்கக் கண்காட்சிக் கையேடும் அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது. விலை போட்டு விற்றால்தான் நூல் என்று சட்டம் கூறவில்லை.

ஆனால் மீறுவோருக்குச் சட்டம் விதித்த அபராதம் 50 ரூபாய் வரை. அத்துடன் நூலின் விலைக்கு ஈடான தொகை. மத்திய அரசு அதிகாரம் அளித்த அலுவலர் புகார் செய்தாலன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்கவும் இயலாது. நான்கு படிகளை அஞ்சலில் அனுப்ப ஆகும் செலவே இந்த அபராதத்தைவிட அதிகம். விலையின்றி வழங்கப்படும் கையேட்டுக்கு "விலைக்கு ஈடான தொகை" என்பதும் பொருளற்றதாகிவிடுகிறது. சட்டத்தின் நோக்கம் விரிவாக இருந்தும் அதன் பிடி தளர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

எல்லைக் கிராமத்தின் கணக்கு: இந்தப் பற்றாக்குறை எவ்வளவு தொலைவு சென்று தாக்குகிறது என்பதை அறிய, கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள செங்கல், பாறசாலை போன்ற ஊர்களை எண்ணிப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாகாணத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. ஆனால் அது கேரளத்திலேயே நின்றது. இரு மொழிகளும் புழங்கும் எல்லைப் பகுதி அது.

செங்கல் பகுதியில் இருந்து ஓவியம் கற்க விரும்பும் மாணவருக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி. 1881-ல் மகாராஜாவின் கலைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. நெய்யாற்றின்கரையில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவுதான். சென்னை சோழமண்டலத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் படைப்புகளுக்கெனத் தனிக் கூடமும் அதே நகரில் உள்ளது. கோவையில் பிறந்து, சென்னையில் ஆசிரியராக இருந்து, எழுத்துருக்களையே ஓவியமாக்கிய பணிக்கரைத் தமிழகமும் கேரளமும் தம்மவர் என்று சொல்லிக் கொள்கின்றன.

ஓவியத்தை நேரில் பார்க்க அவ்வளவு தொலைவு போதும். ஆனால் அந்த ஓவியங்கள் எந்த வாதங்களுக்கு இடையே பிறந்தன என்பதைப் படித்தறிய வேண்டுமானால் கணக்கு மாறுகிறது. சட்டப்படி நூல்கள் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்றுகூடக் கேரளத்தில் இல்லை. மிக அருகில் உள்ள கன்னிமாராவுக்கு ஓர் இரவு ரயில் பயணம். அங்கும் பதிப்பாளர் படி அனுப்பியிருந்தால்தான் கையேடு கிடைக்கும். கிடைத்தாலும் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். திருவனந்தபுரத்தில் படித்த இளைஞர்கள் வதோதராவில் எழுப்பிய வினாக்களை, அதே கல்லூரியில் இன்று படிக்கும் எல்லைப்புற மாணவர் தன் தாய்மொழியில் படிக்க வழியில்லை.

ஹாங்காங் காட்டும் வழி: ஆறுதல் தரும் முயற்சி ஒன்று வெளிநாட்டில் இருந்து வந்தது. 2000-ல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட ஆசிய கலை ஆவணக் காப்பகம், வதோதராவின் ஆசிரியர்களான கே.ஜி. சுப்ரமணியன், ஜோதி பட், ரத்தன் பரிமூ, குலாம் முகம்மது ஷேக் ஆகியோரிடம் இருந்த கடிதங்கள், புகைப்படங்கள், கையேடுகளை மின்வடிவாக்கி இணையத்தில் வைத்தது. தெற்காசியாவின் நவீன கலை குறித்துத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட 13 மொழிகளில் வெளிவந்த எழுத்துகளுக்கான பட்டியலையும் அது தொகுத்தது. இந்திய மொழிகளில் கலை எழுத்து இல்லை என்ற எண்ணம் தவறு என்பதற்கு அப்பட்டியலே சான்று. எழுத்து இருந்தது, அதைச் சேர்த்து வைக்கும் இடம்தான் இல்லை.

தனியார் கைகளில் எஞ்சியதைத் தேடித் திரட்டும் வேலையை வெளிநாட்டு அமைப்பு செய்ய, அவற்றை அச்சிட்ட கல்வி நிறுவனங்கள் பல தம் அலமாரியிலேயே ஒரு முழு வரிசையை வைத்திருக்கவில்லை என்பது சிந்திக்க வேண்டியதாகும்.

செலவு பெரிதல்ல: இதைச் சரிசெய்யப் பெரிய திட்டமோ தனி நிதியோ தேவையில்லை. நூல்களுக்கான சர்வதேசத் தர எண் இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாகக் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அந்த எண் பெற்ற கையேடு நூலகப் பட்டியல்களில் எளிதில் இடம்பெறும். அச்சிடும்போதே சட்டப்படியான நான்கு படிகளை ஒதுக்குவதும், மின்வடிவப் படி ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பதும் ஒரு நாள் வேலைதான். கண்காட்சி நடக்கும் மாநிலத்தின் மொழியில் நான்கு பக்கச் சுருக்கம் சேர்த்தால், அது மாணவரையும் பொதுமக்களையும் சென்றடையும்.

தில்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் எம்.எஃப். ஹுசேன் கலைக்கூடம் முதல் சாந்திநிகேதன் கலாபவனம் வரை, அரசுப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகக் காட்சிக்கூடங்களுக்கு இதை ஒரு நிபந்தனையாக்க மத்திய அரசின் சுற்றறிக்கை ஒன்றே போதுமானது. 1954-ம் ஆண்டுச் சட்டத்தில் மின்வடிவ நூல்களுக்கு இடமளிப்பதும், பெயரளவிலான அபராதத்தை மாற்றுவதும் நாடாளுமன்றத்தின் கையில் உள்ளன. 1867-ம் ஆண்டுச் சட்டம் விலகியபோது ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப இதுவே உரிய தருணம். அதுவரை அச்சாகும் ஒவ்வொரு கையேட்டிலும் நான்கு படிகளை அஞ்சலில் சேர்க்கும் கடமை அந்தந்தக் கலைக்கூடத்தையே சாரும்.